பழைய பாலத்துக்கு ஒரு டிக்கெட்

பல் டாக்டர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. எத்தனை முறை செய்தாலும் ஒரு வாய்க்குப் பல் செட் பொருந்தவில்லை என்றால், "பல்லக்காவுக்கு அனுப்பிப் பாருங்க" என்பார்கள். அனுப்பினால் பொருந்திவிடும். பல் போய் ஒன்பது வருடமான ஒரு பெரியவர் அவள் செய்த செட்டை மாட்டிக்கொண்டு, டாக்டரின் மேஜை முன்னாலேயே வறுத்த கடலையை நறநறவென்று கடித்துக் காட்டிவிட்டு, "இதைச் செஞ்ச கையை நான் பார்க்கணும்" என்று அடம்பிடித்தாராம். பார்க்க முடியவில்லை. பல்லக்கா யாரையும் நேரில் பார்ப்பதில்லை.

அவள் வேலை செய்யும் லேப் ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே நீளவாக்கில் கிடக்கும் அறை. டாக்டர் எடுத்த வாயின் அச்சு ஒரு டப்பாவில் வரும், கூடவே ஒரு சீட்டு. அந்த அச்சில் அவள் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, ஈறு எப்படி இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நிற்க வைப்பாள். எல்லாப் பல்லையும் ஒரே வரிசையில் நேராக நிறுத்த மாட்டாள். ஒன்றை மயிரிழை சாய்ப்பாள், ஒன்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளுவாள். அப்போதுதான் வாய் வாயாக இருக்கும் என்பது அவள் கட்சி. மற்ற லேப்காரர்கள் செய்வதைப் பார்த்தால் அவளுக்கு எரிச்சல் வரும். எல்லாம் பியானோக் கட்டை மாதிரி இருக்கிறதே என்று தலையில் அடித்துக்கொள்வாள். வாயைத் திறந்து சொல்லமாட்டாள்.

சொல்லமாட்டாள் என்றா சொன்னேன்? சொல்ல வராது. பல்லக்காவுக்கு வாய் திக்கும். சும்மா லேசாகத் திக்குவது இல்லை. சொல் உதடு வரைக்கும் வந்து, கதவுக்குப் பின்னால் நிற்கும் விருந்தாளி மாதிரி நின்றுகொள்ளும். தொண்டை இறுகும், கண் தானாக மூடும், கழுத்து நரம்பு புடைக்கும். இதைக் கேட்டு "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டுபவர்கள் தயவுசெய்து இங்கேயே எழுந்து போகலாம். இது பாவப்பட்டவளின் கதை இல்லை.

முப்பத்தாறு வயது அவளுக்கு. ஊர் வாய்க்கெல்லாம் பல் கட்டுகிறவளுக்கு வாய் வராதது வேடிக்கைதான், அவளே அதைச் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அந்த வேலையை அவள் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். எல்லாம் சீட்டில் வரும், சீட்டில் போகும். ஒரு நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டிவிடலாம்.

சரி, அவள் அப்பாவைச் சொல்லாமல் கதை நகராது. அவர் ஏலக்காரர். பழைய சாமான் ஏலக்கூடத்தில் நாற்பது வருடமாக மர மேடைமேல் நின்று கத்துகிறவர். ஒரே மூச்சில் மூன்று பீரோவையும் ஒரு தையல் மெஷினையும் விற்றுவிட்டுத்தான் அடுத்த மூச்சை இழுப்பார். தூக்கத்தில்கூட "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று உளறுவார் என்பது வீட்டில் எல்லாரும் அறிந்தது. மகள் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகளையும், அவளுக்கு ஐந்து வயது இளையவனான மகனையும் ஒற்றை ஆளாக வளர்த்தார். மகள்மேல் உயிரையே வைத்திருந்தார். அந்த உயிர்தான் பிரச்சினை.

மகள் வாயைத் திறந்தால் போதும், மீதியை அவர் முடித்துவிடுவார். ஸ்கூலில் பெயர் கேட்டால் அவர் சொல்வார். கடையில் என்ன வேண்டும் என்று கேட்டால் அவர் சொல்வார். ஒருமுறை காது வலி என்று அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். "எங்கம்மா வலிக்குது?" என்று டாக்டர் கேட்டார். அவள் "கா..." என்று ஆரம்பித்தாள். "காய்ச்சல் டாக்டர், நேத்து ராத்திரியிலேர்ந்து" என்று அப்பா முடித்துவைத்தார். மூன்று நாள் காய்ச்சல் மருந்தைக் குடித்துவிட்டு, நாலாம் நாள் காதில் சீழ் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அப்பாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இனிமேல் இன்னும் கவனமாகப் பேச வேண்டும் என்று முடிவு செய்தார், அவளுக்காக.

பல்லக்காவுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை எதுவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான். அப்பா ஒருமுறை, ஒரே ஒருமுறை, அவள் தொடங்கிய வாக்கியத்தை அவளே முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அதை அவரிடம் சொல்லலாமே என்பீர்கள். சொல்ல ஆரம்பித்தால் அதையும் அவரே முடித்துவிடுவாரே!

லேப்பில் கம்ப்யூட்டர் வந்தது ஏழு வருடத்துக்கு முன்னால். பல்லைத் திரையில் வரைந்து, திருப்பிப் பார்த்து, மெஷினில் வெட்டி எடுக்கிற வேலை. பல்லக்கா இரண்டு வாரத்தில் அதைக் கரைத்துக் குடித்துவிட்டாள். பல்லை வரைகிறவள் வாயை வரைய மாட்டாளா, வாயை வரைகிறவள் முகத்தை வரைய மாட்டாளா? லீவு நாட்களில் இணையத்தில் இலவசப் பாடம் கேட்டு, வீடியோ கேம் செய்யக் கற்றுக்கொண்டாள். ஐந்து வருடம் உட்கார்ந்து ஒரே ஒரு விளையாட்டைச் செய்தாள். சும்மா சொல்லக்கூடாது, அதில் வரும் ஆட்களின் பல்வரிசை தத்ரூபமாக இருக்கும். கைவிரலை எண்ணினால் சிலருக்கு நாலுதான் இருக்கும். விரல் அவள் டிபார்ட்மென்ட் இல்லை.

விளையாட்டின் பெயர் 'பழைய பாலத்துக்கு ஒரு டிக்கெட்'.

அதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு அவள் பஸ்ஸில் வருவாள். இறங்க வேண்டிய இடம் பழைய பாலம். கண்டக்டர் "எங்க?" என்று கேட்டால் 'பழைய பாலம்' என்று சொல்ல வேண்டும். அந்த 'ப' இருக்கிறதே, அது அவளுடைய ஜென்ம எதிரி. முதல் நாள் கண்டக்டர் கேட்டு, பின்சீட்டு கேட்டு, முன்சீட்டு திரும்பி, பஸ்ஸே காத்திருந்தும் 'ப' வரவில்லை. கடைசியில் வேறு ஒரு சொல் தானாக வெளியே விழுந்தது: "ஆஸ்பத்திரி." ஆஸ்பத்திரி இரண்டு நிறுத்தம் முன்னாலேயே வந்துவிடும். அங்கே இறங்கி வீட்டுக்கு நடந்தாள். மறுநாள் ஒரு தாளில் 'பழைய பாலம்' என்று எழுதி நீட்டினாள். "ஏன், உனக்கு வாய் இல்லையா?" என்று கண்டக்டர் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். அத்தோடு தாள் போயிற்று.

டிக்கெட் என்னவோ இரண்டுக்கும் ஒரே விலைதான். ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரி வந்ததும் கண்டக்டர் அவளைப் பார்த்து "இறங்கும்மா" என்பார். இறங்காவிட்டால் ஏன் என்பார். அந்த ஏனுக்குப் பதில் சொல்வதைவிட நடப்பது எவ்வளவோ மேல். நடந்தாள். மழையிலும் நடந்தாள், பரீட்சை நாளிலும் நடந்தாள். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: செருப்பு. சிவப்பு வார் வைத்த செருப்பு ஒன்று வாங்கினால் நாலு மாதம் தாங்காது. அப்பா அதைக் கையில் தூக்கிக்கொண்டு தெருமுனைச் செருப்புக்காரரிடம் போய் ஒரு பிடி பிடிப்பார். "அட்டையை வச்சு ஒட்டிட்டு தோலுன்னு சொல்றியா? பச்சப்புள்ள கால்யா இது! ஸ்கூலுக்குப் போய்ட்டு பஸ்ல வர்ற காலுக்கு இப்படித் தேயுமா?" என்று ஏலக்குரலில் கத்துவார். செருப்புக்காரர் ஒன்றும் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டு அடி மாற்றிக் கொடுப்பார். வருடத்துக்கு மூன்று தடவை இந்தக் கூத்து நடக்கும்.

விளையாட்டில் நீங்கள்தான் அந்தப் பெண். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கண்டக்டர் வந்து "எங்க?" என்கிறார். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் 'ப' உதடு வரை வருகிறது. வந்து நிற்கிறது. விடாமல் அழுத்தினால் இன்னும் இறுகும். ஓங்கி ஓங்கி அழுத்தினால் திரையே இறுகும், தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். விட்டுவிட்டு, மெதுவாக, மறுபடி மெதுவாக அழுத்தினால் சில சமயம் வரும், சில சமயம் வராது. பக்கத்துச் சீட்டில் ஒரு நல்ல மனிதர் இருக்கிறார். சதுரக் கண்ணாடி, காதுப் பக்கம் நூல் சுற்றிய கண்ணாடி. வெயில் அடித்தால் உங்கள்மேல் குடை பிடிப்பார். 'உதவி' என்ற பொத்தானை அழுத்தினால் உங்களுக்காக அவர் பேசுவார். பேசினால் தப்பாகத்தான் பேசுவார். இல்லாவிட்டால் சுலபமாக 'ஆஸ்பத்திரி' என்று சொல்லி இறங்கிவிடலாம். இறங்கினால் நடக்க வேண்டும். நிஜமாகவே பதினாலு நிமிடம் கட்டையை அழுத்திக்கொண்டு வெறும் ரோட்டில் நடந்தே ஆக வேண்டும். ஓரத்தில் ஒரு சிவப்பு வார் செருப்பு மெல்ல மெல்லத் தேயும்.

சொந்த வலியை வைத்து விளையாட்டு செய்தவர்களுக்கென்று ஒரு கண்காட்சி அறிவித்திருந்தார்கள். பல்லக்கா அனுப்பினாள். நானூறுக்கும் மேலே வந்ததில் பன்னிரண்டை எடுத்தார்கள். அந்தப் பன்னிரண்டில் அவளுடையது ஒன்று. கடிதத்தைப் படித்துவிட்டு அவள் லேப் கதவைச் சாத்திக்கொண்டு, பிளாஸ்டர் கையோடு ஒரு சுற்று ஆடினாள். பார்த்தவை அலமாரியில் இருந்த பல் செட்டுகள் மட்டும்தான், அவையும் சிரித்துக்கொண்டுதான் இருந்தன.

வீட்டில் விளையாட்டை யாருக்கும் ஆடிக் காட்டவில்லை, எதைப் பற்றியது என்றும் சொல்லவில்லை. முதலில் அப்பா பார்க்க வேண்டும், அதுவும் அந்தக் கண்காட்சி அரங்கத்தில், நாலு பேர் நடுவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தாள்.

இங்கேதான் தம்பி மனைவி வருகிறாள். தங்கமான பெண். ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலையே, செயலிகள் எங்கே மெதுவாகின்றன என்று கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான். ஆபீசில் அவளை 'ஸ்பீடு மேடம்' என்று கூப்பிடுவார்கள். கட்டை அழுத்தி ஒரு வினாடிக்குள் எதுவும் நடக்காவிட்டால் அவளுக்கு ரத்தம் கொதிக்கும். அரங்கத்தின் கம்ப்யூட்டரில் ஓடுகிற மாதிரி விளையாட்டைக் கட்டி அனுப்பி, அங்கே பொருத்திக் கொடுக்கும் பொறுப்பை பல்லக்கா அவளிடம்தான் விட்டிருந்தாள். அந்த வேலை மட்டும்தான் தனக்குத் தெரியாது என்று விட்டிருந்தாள்.

ஸ்பீடு மேடம் ஓடுகிறதா என்று பார்க்க ஒருமுறை அழுத்தினாள். 'ப' நின்றது. மறுபடி அழுத்தினாள். நின்றது. ஐயோ, அக்கா ஐந்து வருடம் உழைத்ததில் இவ்வளவு பெரிய கோளாறா, நாளைக்கு எல்லார் முன்னாலும் மானம் போகுமே! சொன்னால் மனசு உடைந்துபோவாள், சொல்லாமலே சரி செய்துவிடுவோம் என்று உட்கார்ந்தாள். மூன்று மணி நேரத்தில் நாற்பத்தொரு தடங்கலைக் கண்டுபிடித்து எல்லாவற்றையும் எடுத்தெறிந்தாள். பதினாலு நிமிட நடையைப் பார்த்து, "யாரு இவ்வளவு தூரம் நடப்பாங்க?" என்று அதை நாலு வினாடி ஆக்கினாள். பிறகு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுக் கட்டி அனுப்பினாள்.

கண்காட்சி அன்று காலை அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ஏலக்கூடத்தில் ஒருத்தர் பாக்கி இல்லாமல் சொல்லிவிட்டு வந்திருந்தார். "ஒரு மணிக்கு ஏலம் இருக்கு. அதுக்குள்ள என் பொண்ணு பண்ணுனதை முடிச்சுக் காட்டிடறேன், பாரு" என்று மருமகளிடம் சொல்லிக்கொண்டே நடந்தார்.

நீளமான கூடம். பன்னிரண்டு மேஜை, பன்னிரண்டு திரை. வீடு எரிந்துபோன ஒரு எலக்ட்ரீஷியன் செய்த விளையாட்டில், எரிகிற வீட்டிலிருந்து இரண்டே இரண்டு பொருளை எடுக்கலாம். எதை எடுத்தாலும் எடுக்காததுதான் மனசில் நிற்கும். குறைமாதக் குழந்தை பெற்ற ஒரு அம்மா செய்ததில், கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டுக் குழந்தையின் தலைமேல் அசையாமல் வைத்திருக்க வேண்டும். அசைத்தால் மணி அடிக்கும். அசையாமல் இருப்பதுதான் ஆட்டமே. பல்லக்கா அதை ஆடிவிட்டு அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அந்தக் கூடத்தில் நிற்பதே அவளுக்குப் பெருமையாக இருந்தது. பட்ட பாட்டை ஒளித்து வைக்காமல் மேஜைமேல் வைத்து, "இந்தா, ஆடிப் பார்" என்று சொல்கிறவர்கள் பன்னிரண்டு பேர். அதில் தானும் ஒருத்தி.

அப்பா உட்கார்ந்தார். கண்டக்டர் "எங்க?" என்றார். அப்பா கட்டையை ஒரு தட்டுத் தட்டினார். 'பழைய பாலம்' என்று பளிச்சென்று வந்து விழுந்தது. டிக்கெட் கிழிந்தது, பஸ் ஓடியது, வீடு வந்தது, பாட்டு அடித்தது. மொத்தம் ஆறு நிமிடம்.

"அட, இவ்வளவுதானா!" என்று அப்பா கூடமே திரும்பும்படி சிரித்தார். "எவ்வளவு சுலபமா வருது பாரு! இதைத்தானே நான் அப்பலேர்ந்து சொல்றேன். மனசு வச்சா தானா வந்துடும். நீதான் சின்ன விஷயத்தைப் பெருசாக்கிக்கிறே, அம்மாடி."

பல்லக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரையைப் பார்த்தாள், தம்பி மனைவியைப் பார்த்தாள்.

"சரி பண்ணிட்டேன் அக்கா" என்று அவள் முகமெல்லாம் பூரித்துச் சொன்னாள். "நாப்பத்தோரு இடத்துல மாட்டிக்கிட்டு நின்னுச்சு. ஒண்ணு விடாம எடுத்துட்டேன். இப்ப வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகுது, பாத்தீங்களா?"

பல்லக்காவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. முப்பத்தாறு வருடப் பாட்டை மூன்று மணி நேரத்தில் துடைத்து எடுத்துவிட்டாள், அதுவும் அன்போடு! யார்மேல் கோபப்படுவது? அப்பா காத்திருக்க வேண்டும் என்று செய்த விளையாட்டு, காத்திருக்கவே தேவையில்லை என்று அவருக்கே சொல்லிக் கொடுத்துவிட்டதே. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவள் கைப்பையில் இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருந்தது. பல் செட் போட்டுக் கொடுக்கிற டப்பா. அதற்குள்ளே பென் டிரைவில் உண்மையான விளையாட்டு இருந்தது. அவள் நேரே அரங்கப் பொறுப்பாளரிடம் போய் டப்பாவை நீட்டினாள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட, உயரமான பெண் அவர். டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "கண்காட்சி திறந்தாச்சுன்னா எதையும் மாத்த மாட்டோம்மா. படைச்சவங்களே என்ன காரணம்னு சொன்னா மட்டும்தான்..." என்றார்.

அதற்குள் அப்பா வந்துவிட்டார். வராமல் இருப்பாரா? "நான் சொல்றேன் மேடம். என் பொண்ணு என்ன சொல்ல வர்றான்னா, ஆட்டம் ரொம்ப நல்லாப் போகுது, கூட்டம் கூடிடுச்சு, இன்னொரு பெரிய டிவி வச்சுக் குடுத்தீங்கன்னா..."

"அப்பா."

ஒரே சொல். 'அ' அவளுக்கு எப்போதும் சுலபம். அவர் நிறுத்தவில்லை.

"அப்பா. நானே சொல்றேன்."

இதைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்காதீர்கள். 'நா' வந்தது, நின்றது. கண் மூடிக்கொண்டது. ஏலக்காரர் வாய் இரண்டு தடவை திறந்தது. முடித்து வைக்க அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. மகள் ஒரு கையை அவர் மார்பில் வைத்தாள். அவர் அப்படியே நின்றுவிட்டார்.

பிறகு பல்லக்கா பொறுப்பாளரிடம் மூன்று வாக்கியம் பேசினாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தர் செல்போனை எடுத்து நேரம் பார்த்தார். பொறுப்பாளர் மட்டும் இமைக்காமல், தலையாட்டாமல், அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் சொன்னது இதுதான்: "இங்க ஓடுறது என் விளையாட்டு இல்லை. என் விளையாட்டுல வார்த்தை நிக்கும். அது கோளாறு இல்லை, அதுதான் நான்."

சுத்தமாக, ஒரு சொல்லும் மாற்றாமல், எந்த எழுத்துக்கும் பயந்து சுற்றிப் போகாமல், திக்கித் திக்கியே சொன்னாள். சொல்லி முடித்தபோது நெற்றியெல்லாம் வியர்வை. கைதட்டல் எதுவும் விழவில்லை. பொறுப்பாளர், "அஞ்சு நிமிஷம் குடுங்க, மாத்திடறோம்" என்று பென் டிரைவை வாங்கிக்கொண்டு போனார். பல்லக்காவுக்கு அந்த ஐந்து நிமிடம் நிலைகொள்ளவில்லை, அவ்வளவு கர்வமாக இருந்தது.

அப்பாவை மறுபடி உட்கார வைத்தாள்.

கண்டக்டர் "எங்க?" என்றார். அப்பா தட்டினார். 'ப' வந்தது. நின்றது. அப்பா இன்னொரு தட்டுத் தட்டினார். ஓங்கித் தட்டினார். திரை இறுகியது, ஒரு தலை திரும்பியது.

"மிஷின் மக்கர் பண்ணுது" என்றார்.

தம்பி மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் அப்போதுதான் விளங்கியது.

அப்பா ஐந்து விரலாலும் அழுத்தினார். பஸ் முழுக்கத் தலைகள் திரும்பின, அத்தனை பேருக்கும் அழகழகான பற்கள். பொறுக்க முடியாமல் உதவிப் பொத்தானை அழுத்தினார். பக்கத்துச் சீட்டு மனிதர் சட்டென்று எழுந்து, "பால் பண்ணை! ஒரு பால் பண்ணை குடுங்க!" என்றார். பால் பண்ணையில் இறக்கிவிட்டார்கள். அப்பா மறுபடி ஆரம்பித்தார். மறுபடி அந்த மனிதர் எழுந்து, "பள்ளிக்கூடம்!" என்றார்.

"யார்றா இவன், வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டானா!" என்று அப்பா கத்தினார். கத்திவிட்டு, திரைக்குக் கிட்டே குனிந்து அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தார். சதுரக் கண்ணாடி. காதுப் பக்கம் நூல். அவர் கை தானாகத் தன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தது.

அதற்குப் பிறகு உதவிப் பொத்தான் பக்கமே அவர் போகவில்லை. மூன்றாம் தடவை 'ஆஸ்பத்திரி' சொல்லி இறங்கினார். நடக்க ஆரம்பித்தார். ஏலக்கூடத்திலிருந்து போன் வந்தது, மணி ஒன்றாகப் போகிறது என்று. "ஏலம் கிடக்கட்டும்" என்று வைத்துவிட்டார். கட்டையை அழுத்திக்கொண்டே போனார். திரையின் ஓரத்தில் சிவப்பு வார் செருப்பு தேய்ந்துகொண்டே வந்தது. எட்டாவது நிமிடத்தில் இன்னொரு கையால் விரலைத் தாங்கிக்கொண்டார். விரலை எடுக்கவில்லை. பதினாலு நிமிடமும் நடந்து வீட்டுக் கதவு வந்த பிறகுதான் எடுத்தார்.

"இது நீ நடந்ததா?" என்று கேட்டார். அந்தக் குரலை ஏலக்கூடத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "எத்தனை நாளு நடந்தே?"

பல்லக்கா வாயைத் திறந்தாள். "எ..." என்று வந்தது. அதற்குமேல் வரவில்லை. அன்றைக்கென்று பார்த்து, எப்போதும் சுலபமாக வருகிற எழுத்தே நின்றுகொண்டது. எட்டு நாளா, எண்பது நாளா, எப்பவாவதா? அவர் வாயில் ஆயிரம் முடிவு வந்து நின்றிருக்கும். ஏலக்காரர் ஒன்றையும் வெளியே விடவில்லை. இரண்டு உள்ளங்கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் யாரோ இருமினார்கள். அவர் திரும்பவில்லை.

"எட்டு வருஷம்" என்றாள்.

அவர் அழுதார். நாலு பேர் நடுவில், இஸ்திரிச் சட்டையில், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். பிறகு எழுந்து நின்று, வரிசையில் இருந்தவர்களைப் பார்த்துத் தன் பழைய குரலில், "எம் பொண்ணு பண்ணுனது! பொறுமையா ஆடணும், அவசரப்படுறவன் யாரும் வரக்கூடாது, சொல்லிட்டேன்!" என்று அறிவித்தார். சாயங்காலம் வரை அந்த மேஜைப் பக்கத்திலேயே காவல் நின்றார். யாராவது உதவிப் பொத்தானை அழுத்தினால் போதும், "அவனை நம்பாதீங்க, அவன் நல்லவன்தான், ஆனா தப்பாச் சொல்லுவான்" என்று எச்சரித்தார். ஒரு பள்ளிக்கூட டீச்சர் முழுக்க ஆடி முடித்தார். போகும்போது, "இனிமே அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது கொஞ்சம் நிதானமா எடுக்கறேன்" என்று பல்லக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி மனைவி கண் சிவக்க வந்து நின்றாள். "என் வேலையில மெதுவா இருந்தாலே தப்புதான் அக்கா. நான் கேட்டிருக்கணும்."

"அந்த நாப்பத்தொண்ணுல" என்று பல்லக்கா ஆரம்பித்து, நிதானமாக முடித்தாள், "ரெண்டு நிஜமாவே கோளாறுதான். அதை மட்டும் சரி பண்ணிக் குடு." இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மறுநாள் காலை அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனார். செருப்புக்காரர் இப்போது கிழவர், கண்ணில் தடித்த கண்ணாடி. ஆனாலும் அதே இடம், செருப்பைக் கவிழ்த்து மாட்டித் தட்டுகிற அதே இரும்புக் கால்.

"யோவ்," என்று அப்பா ஆரம்பித்தார், "இவ சின்னப் புள்ளையா இருந்தப்ப, செருப்பு சரியில்லன்னு உன்னை நான் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கேன்ல..."

"வருஷத்துக்கு மூணு வாட்டி" என்றார் செருப்புக்காரர்.

"என் தப்புயா. அவ தினம் ஆஸ்பத்திரிலேர்ந்து நடந்தே வந்திருக்கா. நேத்துதான் எனக்குத் தெரிஞ்சுது."

"எனக்கு அப்பவே தெரியுமே" என்றார் அவர், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "ஓடி ஆடித் தேஞ்சா முன்னால தேயும், ஒரு பக்கமாத் தேயும். இது குதிகால்லேர்ந்து சீராத் தேஞ்ச அடி. தினம் தார் ரோட்டுல நெடுந்தூரம் நடக்குற கால். சொன்னா நீங்க புள்ளையைக் கேள்வி மேல கேள்வி கேப்பீங்க. அது எப்படிப் பதில் சொல்லும்? அதான் திட்டை நான் வாங்கிக்கிட்டு, ஒவ்வொரு தடவையும் ரெண்டு அடுக்கு அடி வச்சுத் தச்சேன்."

நாற்பது வருடம் ஏலம் விட்ட வாய், ஒரு சொல் இல்லாமல் நின்றது. பல்லக்கா தன் செருப்பைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள். வார் ஒன்று பிய்ந்திருந்தது.

கிழவர் அதைத் திருப்பி அடியைப் பார்த்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்து, "இப்ப பஸ்ல எங்கம்மா இறங்குறே?" என்று கேட்டார்.

அப்பாவின் உதடு பழக்கத்தில் அசைந்தது. இறுக்கி மூடிக்கொண்டார். 'ப' வந்தது, நின்றது. தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. கிழவர் ஊசியைக் கையில் பிடித்தபடி இருந்தார். அப்பா தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் எந்த அவசரமும் இல்லை.

"பழைய பாலம்" என்றாள் பல்லக்கா.

"அப்படின்னா இந்த அடி மூணு வருஷம் தாங்கும்" என்று சொல்லிவிட்டு, கிழவர் வாரைத் தைக்க ஆரம்பித்தார்.